லித்தியம்: அளந்து கொடுக்க வேண்டிய மருந்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் வந்த கிளைப்பேச்சுகள் நீக்கப்பட்டுள்ளன.)



இந்த ஆண்டுக்குத் தரப்பட்ட பொருள் ‘பொதுவான நோய்களும் மனநல மருந்துகளும்’. ஒரு மணி நேரத்துக்குள் எல்லா மருந்துகளையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகவே இவ்வுரை ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறது: லித்தியம் கார்பனேட். பழைய மருந்து, மலிவான மருந்து, யாரும் விளம்பரம் செய்யாத மருந்து. இருமுனைக் கோளாறு என்றும், மருத்துவமனைப் பேச்சில் ‘பைபோலார்’ என்றும் சொல்லப்படும் நோய்க்கு முக்கால் நூற்றாண்டாகக் கொடுக்கப்பட்டு வருவது.

சொல்ல வந்த கருத்தும் ஒன்றுதான். லித்தியத்தை நம்பத் தகுந்த மருந்தாக்கியது, ரத்தத்தில் அதை அளக்கும் முறை. அந்த அளவீடு நடக்காத இடத்தில் மனநல மருத்துவர் எழுதித் தரும் சீட்டு பாதிச் சிகிச்சைதான். அதோடு, நோயாளிக்கு இருக்கும் பிரஷர், மூட்டுவலி, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என ஒவ்வொன்றும் அந்த அளவோடு தொடர்புடையது. மன நோய்க்கு ஒரு மருத்துவர், உடல் நோய்க்கு வேறொரு மருத்துவர் என்று பிரித்து வைத்துக்கொண்டு, இருவரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்காமல் இருந்தால் நோயாளிக்கு ஆபத்து வருகிறது.

1. நோய்

எப்போதும் அடங்கி நடந்தவர் ஒரு மாதமாக இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறார், களைப்பும் தெரியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு உறவினர்களுக்கெல்லாம் போன் போடுகிறார். பேச்சு நிற்பதில்லை, ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. வீட்டு நகையை அடகு வைத்து மூன்று தொழில் தொடங்கப் போவதாகச் சொல்கிறார். தடுத்தால் கோபம். இது மேனியா. சில மாதங்கள் கழித்து அதே மனிதர் படுக்கையை விட்டு எழவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதில் பொருளில்லை என்கிறார். இது அதே நோயின் மறுமுனை. இரண்டுக்கும் நடுவே எந்தக் குறையும் தெரியாத நல்ல காலம் உண்டு. அந்த நல்ல காலத்தால்தான் ‘ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது’ என்று குடும்பம் நம்பிவிடுகிறது.

2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ 0.5 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் இந்த நோய் வந்திருக்கிறது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். வயது வந்தவர்கள் ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஐந்து பேர் என்று பார்த்தால் அதன் கனம் தெரியும். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சைக்குள் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நோயாளிகளில் பலர் முதலில் மருத்துவரிடம் வருவது மனச்சோர்வோடுதான். முன்பு எப்போதாவது மேனியா வந்ததுண்டா என்று கேட்காமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் எழுதினால், சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். ‘தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் உண்டா?’ என்பதைக் கூட வந்திருக்கும் அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்க வேண்டும். நோயாளிக்கு அது நோயாகவே தோன்றியிருக்காது.

2. மெல்போர்ன்: ஒரு கண்டுபிடிப்பு, ஒரு மரணம்

ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேய்ட் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைபிடிக்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் சாங்கி முகாமில் போர்க்கைதியாக இருந்தவர். மன நோய்க்கு உடலில் ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போர் முடிந்தபின் ஊர் திரும்பினார். மெல்போர்னின் பண்டூரா மருத்துவமனையில், பயன்பாட்டில் இல்லாத ஒரு சிறு சமையலறையைப் பரிசோதனைக்கூடமாக்கிக்கொண்டார். உதவித்தொகை இல்லை, உதவியாளர் இல்லை. நோயாளிகளின் சிறுநீர்ப் புட்டிகள் அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் குடும்பச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தன.

மேனியா நோயாளிகளின் உடலில் ஒரு நச்சு சுரக்கிறது, அது சிறுநீரில் வெளியேறும் என்பது அவருடைய ஊகம். அந்தச் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தின் பங்கை ஆராய விரும்பியபோது அது நீரில் எளிதில் கரையவில்லை. அதன் உப்புகளில் நன்றாகக் கரைவது லித்தியம் யூரேட். அதைச் செலுத்தியதும் எதிர்பாராத ஒன்று நடந்தது: துள்ளித் திரியும் அந்தப் பிராணிகள் அமைதியாகக் கிடந்தன. மாற்றத்துக்குக் காரணம் லித்தியம் என்று கேய்ட் முடிவு கட்டினார். பிராணிகள் அமைதியானதற்கு லித்தியத்தின் நச்சுத்தன்மையே காரணமாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதினர். தொடங்கிய ஊகம் தவறு, படிக்கல்லும் ஐயத்துக்குரியது, போய்ச் சேர்ந்த இடம் மட்டும் சரி. மருத்துவ வரலாற்றில் இப்படி நடப்பது அபூர்வமில்லை.

லித்தியத்தை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார் கேய்ட். பிறகு 1948 மார்ச் 29 அன்று, ஐந்தாண்டுகளாக மேனியாவில் சிக்கி, அந்த வார்டிலேயே மிகத் தொல்லை தருபவர் என்று பெயரெடுத்திருந்த 51 வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். சில வாரங்களில் அவர் தெளிந்தார். ஜூலையில் வீடு திரும்பி, பழைய வேலையிலும் சேர்ந்தார். மேனியா நோயாளிகள் பத்துப் பேரிடம் கண்ட முன்னேற்றத்தை 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கேய்ட் வெளியிட்டார். மன நோயைக் குணப்படுத்தும் இன்றைய மருந்துகளின் காலம் அந்தச் சில பக்கங்களிலிருந்துதான் தொடங்குகிறது. மற்றொரு மன நோய் மருந்தான குளோர்ப்ரோமசீன் பாரிஸ் மருத்துவமனையில் புகழ்பெற்றது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. கதையின் மற்றப் பகுதிதான் இவ்வுரைக்கு வேண்டியது. அந்த முதல் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு மாத்திரையில் அசிரத்தையானார், பின்பு நிறுத்தியே விட்டார். சில வாரங்களில் நோய் திரும்பியது. 1949 ஜனவரி முடிவதற்குள் மீண்டும் மருத்துவமனை. மறுபடி லித்தியம் தொடங்கினார்கள். இந்த முறை வாந்தி, நடுக்கம், தளர்ச்சி என நச்சுக் குறிகள் வந்தன. நிறுத்தினால் மேனியா, கொடுத்தால் நச்சு. 1950இல் லித்தியம் நச்சாலேயே அவர் இறந்தார். கேய்ட் தம் மருத்துவமனையில் அந்த மருந்தைக் கைவிட்டார்.

அவருக்கு எவ்வளவு லித்தியம் கொடுத்தார்கள் என்பது குறிப்பேட்டில் இருந்தது. அவர் ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்திருந்தது என்று பார்க்க வழியில்லை. அதுதான் அந்த மரணத்தின் காரணம்.

கேய்டின் கட்டுரை வந்த அதே 1949இல் அமெரிக்காவில் இன்னொரு துயரம் நடந்தது. இதய நோயாளிகளுக்கும் பிரஷர் உள்ளவர்களுக்கும் சாப்பாட்டு உப்பைக் குறைக்கச் சொல்லி, அதற்கு மாற்றாக லித்தியம் குளோரைடு கலந்த உப்பைக் கடைகளில் விற்றார்கள். அவர்கள் அதைத் தாராளமாகத் தூவிக்கொண்டார்கள். சிலர் இறந்தார்கள். சந்தையிலிருந்து அது அகற்றப்பட்டது. லித்தியம் என்றாலே அமெரிக்க மருத்துவர்கள் இருபதாண்டு காலம் அஞ்சினார்கள்.

மருந்தை மீட்டவர்கள் மெல்போர்னிலேயே இருந்தார்கள். எட்வர்ட் டிரவுட்னர் என்ற உடலியங்கியல் ஆய்வாளரும், சாமுவேல் கெர்ஷோன் போன்ற இளம் மருத்துவர்களும் ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் என்ற கருவியைக் கையிலெடுத்தார்கள். லித்தியத்தைச் சுடரில் காட்டினால் செக்கச்செவேலென எரியும். அந்தச் சிவப்பின் பிரகாசத்தைக் கருவி அளந்தால், ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று கணக்கிடலாம். 1951லும் 1955லும் வந்த அவர்களுடைய ஆய்வுகள், அளவைப் பார்த்துக் கொடுத்தால் லித்தியத்தைப் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்று காட்டின. கேய்டின் பெயர் உலகத்துக்குத் தெரியும். டிரவுட்னரின் பெயரைப் பல மனநல மருத்துவர்களே கேட்டதில்லை. நோயாளிகளின் உயிரைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், இருவருக்கும் சமமான இடம் தர வேண்டும்.

3. டென்மார்க்: ஐயத்துக்குக் கிடைத்த பதில்

லித்தியம் நிலத்திலிருந்து எடுக்கும் தனிமத்தின் உப்பு. அதற்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. ஆகவே எந்த மருந்து நிறுவனமும் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. தூக்கிப் பிடித்தவர் டென்மார்க்கின் மோகென்ஸ் ஸ்கௌ. அவருடைய உடன்பிறந்தவருக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது. லித்தியம் அவருக்குப் பலன் தந்தது என்பதை ஸ்கௌவே பின்னாளில் பதிவு செய்தார். 1954இல் அவர் வெளியிட்ட ஆய்வில், எந்த நோயாளிக்கு லித்தியம், எவருக்குப் போலி மாத்திரை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். மனநல மருத்துவத்தில் அப்படி நடந்த மிக ஆரம்பகாலச் சோதனைகளில் அது ஒன்று.

அவரும் போல் கிறிஸ்தியன் பாஸ்ட்ரப்பும் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்: நோய் தணிந்த பிறகும் லித்தியத்தைத் தொடர்ந்தால், மறுபடி வராமல் தடுக்குமா? தடுக்கிறது என்று 1967இல் எழுதினார்கள். லண்டனைச் சேர்ந்த பிளாக்வெல், ஷெப்பர்ட் என்ற இருவர், இது மருத்துவத்தில் உலவும் இன்னொரு கட்டுக்கதைதானா என்று 1968இல் லான்செட் இதழில் கேட்டார்கள். கேள்வி கடுமையானது, ஆனால் நியாயமானது. மருந்தின் மேல் நம்பிக்கை வைத்தவர்களே அதன் பலனையும் மதிப்பிட்டால் பக்கச்சார்பு வராதா?

பதில் 1970இல் வந்தது. ஏற்கெனவே லித்தியத்தில் நலமாக இருந்த 84 பெண்கள். அவர்களில் 45 பேருக்கு லித்தியம் தொடர்ந்தது. 39 பேருக்கு அதே தோற்றத்தில் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஐந்து மாதத்துக்குள் போலி மாத்திரை பெற்றவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அந்த ஆண்டுதான் அமெரிக்காவிலும் லித்தியத்துக்கு அனுமதி கிடைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும், இந்திய அரசின் பட்டியலிலும் அது இருக்கிறது. 2010இல் வெளிவந்த பேலன்ஸ் என்ற ஆய்வு, நோய் திரும்பாமல் தடுப்பதில், இதே நோய்க்குத் தரும் வால்ப்ரோயேட் என்ற மருந்தைத் தனியாகக் கொடுப்பதைவிட லித்தியம் மேலானது என்று காட்டியது.

தற்கொலையைத் தடுக்கிறதா என்பதில் சான்று ஒரே குரலில் பேசவில்லை. 48 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கட்டுரை, தடுக்கிறது என்றது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2022இல் அச்சான சோதனையில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் ரத்த அளவு, பொதுவாக வேண்டிய அளவுக்குக் குறைவாக, சராசரியாக லிட்டருக்கு 0.5 மில்லிமோல் அருகிலேயே நின்றது. அந்த ஆய்வையும் ரத்த அளவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

4. பிரஷர், மூட்டுவலி, கோடை வெயில்

கல்லீரல் லித்தியத்தைத் தொடுவதில்லை. உள்ளே போனது போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகமோ லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடத்துகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால், சோடியத்தை வெளியே விடாமல் இழுத்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் இழுத்து வைத்துவிடும். நோயாளி மாத்திரையைக் கூட்டாமலே ரத்தத்தில் அளவு ஏறிவிடுகிறது.

பராமரிப்புக் காலத்தில் வேண்டிய அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், கடும் மேனியாவில் 1.0 வரை, சில நேரம் சற்று மேலும் போகலாம். 1.5ஐத் தாண்டினால் நச்சு. இரண்டைத் தாண்டினால் வலிப்பும் நினைவிழப்பும் வரலாம், டயாலிசிஸ் தேவைப்படலாம். குணம் தரும் அளவுக்கும் நச்சுக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் உள்ள மருந்து அன்றாட மருத்துவத்தில் வெகு சிலவே.

இனி நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். லித்தியம் சாப்பிடும் ஒருவருக்கு ஐம்பது வயதில் பிரஷர் வருகிறது. வேறொரு மருத்துவர் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையை எழுதுகிறார். நல்ல மருந்து, லட்சக்கணக்கானோர் சாப்பிடுவது. ஆனால் அதில் உள்ள இரண்டுமே லித்திய அளவை உயர்த்தக்கூடியவை. எனலாபிரில், ராமிப்ரில், லோசார்டன் எல்லாமே இந்த வகைதான். அம்லோடிபின் இந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மருத்துவரின் முடிவு. ஆனால் நோயாளி லித்தியம் சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே ‘உப்பைச் சுத்தமா நிறுத்திடுங்க’ என்ற அறிவுரையும் வரும். பிரஷருக்கு உப்பைக் குறைப்பது சரிதான். லித்தியத்தில் இருப்பவர் திடீரென்று உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறினால், 1949இல் அமெரிக்க இதய நோயாளிகளின் உடலுக்குள் நடந்ததே இங்கும் நடக்கும். குறைப்பதானால் மெல்லக் குறைத்து, அளவைப் பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும்.

அடுத்தது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இவை சிறுநீரகத்தில் லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. சீட்டில்லாமலே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் பரவிக் கிடக்கிறது. 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைச் சுற்றி வளைத்தபோது, மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் இவற்றை விழுங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். லித்தியத்தில் இருப்பவருக்கு வலி என்றால் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் நிற்கும் தம்பியிடம் ‘லித்தியம் சாப்பிடுறேன், இதைச் சேர்த்துச் சாப்பிடலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சர்க்கரை நோய்க்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவை இதற்கு எதிர்த்திசையில் போகக்கூடியவை: லித்தியத்தை வெளியேற்றி, அளவைக் குறைத்துவிடலாம்.

கத்திரி வெயில் நாட்களில் வயலிலும் கட்டட வேலையிலும் நிற்பவர் வியர்வையில் உப்பையும் நீரையும் இழக்கிறார். விரத நாட்களில் தண்ணீர் குடிப்பது குறைகிறது. திருவிழாச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றிலும் லித்தியம் ஏறும். உப்புப் போட்ட மோரும், அவ்வப்போது தண்ணீரும் லித்தியச் சிகிச்சையின் ஒரு பகுதியென்றே சொல்ல வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ பிடித்துக்கொண்டால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

குடும்பத்தார் கண்ணால் பார்த்தே சிலவற்றைக் கண்டுபிடிக்கலாம். மெல்லிய கைநடுக்கம் லித்தியத்தில் இருப்பவர் பலருக்கும் உண்டு. டம்ளரைப் பிடிக்கும்போது விரல் நுனி அதிரும். அது வேறு. காப்பி சிந்தும் அளவுக்குப் பெரிய நடுக்கம், நடையில் தள்ளாட்டம், குழறும் பேச்சு, மந்தமான பார்வை, இவற்றோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அது நச்சு. குடித்திருக்கிறார் என்றோ நோய் முற்றிவிட்டது என்றோ எண்ணிப் பூட்டி வைத்தால் உயிருக்கே முடிவாகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

5. ஆய்வகத்தில் ஒரு பச்சை மூடி

ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். கடைசி மாத்திரை விழுங்கி 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டவர் காலை ஒன்பதுக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகே சாப்பிட வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து நின்றால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பும்.

இன்னொரு தவறு இன்னும் நுட்பமானது. ரத்தம் பிடிக்கும் குழாய்களில் பச்சை மூடி போட்டவை உண்டு. அவற்றில் பலவற்றினுள் ரத்தம் உறையாமல் இருக்கப் பூசியிருப்பது லித்தியம் ஹெப்பாரின். அந்தக் குழாயில் ரத்தம் எடுத்து லித்தியத்தை அளந்தால், குழாயில் இருக்கும் லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும். மருந்தே சாப்பிடாதவருக்குக்கூட அளவு காட்டும். நலமாக நடந்து வந்தவரின் அறிக்கையில் நச்சு அளவு வந்தால், முதலில் கேட்க வேண்டியது எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்பதுதான். ஆய்வகப் பயிற்சியில் இந்த ஒரு பாடத்தை ஒவ்வொரு மாணவருக்கும் செய்து காட்ட வேண்டும்.

தொடக்கத்தில் அளவு நிலைப்படும் வரை வாரந்தோறும், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கொரு முறை, பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை என்பது பொதுவான நடைமுறை. ஆறு மாதத்துக்கொரு முறை கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் மூன்றையும் பார்க்க வேண்டும். லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைக்கும், பெண்களுக்குக் கூடுதலாக. தைராய்டு குறைந்தால் சோர்வு, மந்தம், எடை கூடுதல் எல்லாம் வரும். பார்ப்பதற்கு மனச்சோர்வு திரும்பியது போலவே இருக்கும். அங்கே தேவைப்படுவது தைராக்சின் மாத்திரை. பெரும்பாலும் லித்தியத்தை நிறுத்த வேண்டியதே இராது. பல ஆண்டுகள் தொடரும்போது சிலருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறையும் என்பதும் உண்மை. முன்கூட்டியே கண்டுபிடித்தால் மாற்று வழி தேட அவகாசம் கிடைக்கும்.

6. கல்யாண வீட்டில் நின்றுபோகும் மாத்திரை

லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய், அதிலும் மேனியா, சில வாரங்களிலோ மாதங்களிலோ வேகமாகத் திரும்பும் வாய்ப்பு அதிகம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும். நோயாளிகள் நிறுத்துவதற்குச் சொல்லும் காரணங்கள் உலகெங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோய் பற்றிய பெரிய பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். தமக்கே இந்த நோய் இருப்பதை 1995இல் தன்வரலாற்று நூலில் வெளிப்படையாக எழுதினார். எழுச்சி நாட்களின் வேகத்தையும் ஒளியையும் இழக்க மனமில்லாமல் லித்தியத்தை விட்டு விட்டு எடுத்ததையும், அதனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லை வரை போய் மீண்டதையும் மறைக்காமல் சொன்னார். மாத்திரை தம்மை உயிரோடு வைத்தது, பேச்சு சிகிச்சை தம்மை மாத்திரையோடு வைத்தது என்பதே அவர் அனுபவத்தின் சாரம்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. பெண்ணுக்கு வரன் அமைந்ததும் மாத்திரை நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது, புது வீட்டில் சீட்டும் அட்டையும் யார் கண்ணிலும் படக்கூடாது. முகூர்த்தத்துக்கு முந்திய இரவுகளில் தூக்கம் கிடையாது. தூக்கக் கேடு ஒன்றே மேனியாவைத் தூண்டப் போதுமானது. அதோடு மருந்தும் இல்லை. சில வாரங்களில் பெண் மருத்துவமனையில், இரு குடும்பங்களும் வாசலில். மனநலப் பிரிவில் வேலை செய்யும் எவருக்கும் இந்தக் காட்சி புதிதன்று. பெற்றோரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. மறைக்க வைப்பது ஊரின் ஏச்சுதான். கல்யாணத்துக்கு முன்பே மருத்துவர் முன்னிலையில் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை நாம் உண்டாக்க வேண்டும்.

அதன் பின் கர்ப்பம். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்கு அதிகக் கேடு செய்யும் மருந்துகளில் ஒன்று; பிறவிக் குறைபாடு ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு வருகிறது, வளர்ச்சிக் குறைபாடு அதைவிடக் கூடுதல். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும். லித்தியமும் முழுக்கக் குற்றமற்றதன்று. 2017இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், லித்தியம் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் இதயக் குறைபாடு நூற்றுக்கு 2.4 ஆகவும், எடுக்காதவர்களிடம் 1.15 ஆகவும் இருந்தது. மாத்திரை அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது. முன்பு அஞ்சியதைவிட இது குறைவு. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்வதால் ரத்த அளவு இறங்கும். பிரசவமானதும் சட்டென ஏறும். மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே கோப்பைப் பார்க்க வேண்டிய காலம் அது.

பேச்சு சிகிச்சையின் பலனுக்கும் சான்று இருக்கிறது. பார்சிலோனாவில் 120 நோயாளிகளிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், மருந்தோடு 21 குழு அமர்வுகளில் நோயைப் பற்றிக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அங்கே கற்றுக்கொடுத்தவை சாதாரணமானவை: நோய் திரும்புவதன் முதல் அறிகுறி எது, தூக்கத்தை எப்படிக் காப்பது, மாத்திரையை ஏன் விடக்கூடாது.

7. தமிழ்நாட்டில் செய்ய வேண்டியவை

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இன்று தமிழ்நாட்டு மாவட்டங்களில் இத்திட்டத்தின் மனநலப் புறநோயாளிப் பிரிவுகள் நடக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மன நோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாநிலம் இது. அங்கிருந்து நெடுந்தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் லித்திய அளவைப் பார்க்கும் வசதி எல்லா வட்ட மருத்துவமனை ஆய்வகங்களிலும் கிடைப்பதில்லை. அளக்க வழியில்லை என்பதாலேயே லித்தியம் எழுதத் தயங்கி, வேறு மருந்துக்குப் போகும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தயக்கம் பொறுப்பானது. அந்த நிலை நீடிப்பது சரியல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் லித்தியப் பரிசோதனை நடக்க வேண்டும், கீழே உள்ள மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்தம் அங்கே வந்து சேர ஏற்பாடு வேண்டும். லித்தியம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரலாம்: கடைசி ரத்த அளவு, தேதி, தவிர்க்க வேண்டிய மாத்திரைகள், ஆபத்துக் குறிகள், எல்லாம் தமிழில். வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அந்த அட்டையைக் கேட்டுப் பார்த்தாலே பாதி ஆபத்து விலகும்.

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒன்று இந்த அரங்கில் இருப்பவர்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ லித்தியம் சாப்பிடுபவர் இருந்தால், இன்றிரவு அவருடைய மருந்துக் கோப்பை எடுத்துப் பாருங்கள். கடைசி லித்திய அளவு எந்தத் தேதியில் எடுத்தது, கிரியாட்டினினும் தைராய்டும் எப்போது பார்த்தது, பிரஷருக்கும் வலிக்கும் வேறு யார் என்ன மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் இந்த வாரமே பரிசோதனைக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.